இடது பக்கம்

கண்ணாடிக் கிடங்கில் பலகை தூக்கப் பீமண்ணனுக்கு ஜோடி ஒரு ரோபோ. ஆள் முகம் பார்த்து மனசறியப் பழக்கியது. அவருடைய இடது தோள் விட்டுப்போனதை அது ஒன்றுதான் கண்டுகொண்டது. கேட்காமலே அந்தப் பக்கத்துப் பாரத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டது.

“சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும். நமக்குள்ளயே இருக்கட்டும்டா தம்பி,” என்றார். அது தலையாட்டியது.

திங்கட்கிழமை இன்னொரு ரோபோ வந்து இறங்கியது. சூப்பர்வைசர் அப்போதுதான் பெட்டியைத் திறந்திருந்தார். பேட்டரியை மாட்டிக் கையெடுத்த நேரம்; அது இன்னும் யார் முகத்தையும் பார்த்திருக்கவில்லை. பீமண்ணனும் ஜோடியும் கண்ணாடியோடு கடந்தபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவருடைய இடது பக்கத்தைத் தாங்கிப்பிடித்தது.

“இடது தோளுக்கு என்னண்ணே ஆச்சு?” என்றார் சூப்பர்வைசர்.

பீமண்ணன் மறுமுனையில் நின்ற தம்பியைப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.