பத்தொன்பதாம் நாள் டி-ஷர்ட்

"உங்கப்பா புளூகிரேன் ஏர்வேஸ்லயா இருந்தார்? எந்த வருஷம்?"

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பிரிஜெட் மேடம் கேட்டுவிட்டார். தர்ஷினி மாறும் மாடி எண்களிலேயே கண்ணை வைத்தாள்.

"சரியா ஞாபகமில்ல மேடம்."

"பேரு?"

"சுந்தரராமன்."

மேடத்தின் பார்வை அவளுடைய டி-ஷர்ட்டிலேயே நின்றது. நெஞ்சில் பறக்கும் நீலக் கொக்கு. இருபது வருஷத்துக்கு முன்பு மூடிப்போன விமானக் கம்பெனியின் சின்னம்.

லிஃப்ட் நின்றதும் தர்ஷினி ஓட்டமாக வெளியேறினாள்.

எல்லாம் அந்த முப்பது நாள் சவாலால் வந்த வினை. வைட்ஃபீல்டில் அவர்கள் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. தினம் ஒரு பழைய உடுப்பு போட்டுவர வேண்டும். போட்டோ எடுத்து, அதன் கதையோடு குரூப்பில் போட வேண்டும். புதுசு வாங்கக் கூடாது.

ஆரணியிலிருந்து ரெண்டே பையோடு வந்து பி.ஜி.யில் தங்கியிருப்பவள் முப்பது உடுப்புக்கு எங்கே போவாள்? பதினெட்டாம் நாளோடு சரக்கு தீர்ந்துவிடும் என்று முன்பே தெரிந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடைபாதையில், பழைய கம்பெனிச் சின்னங்களை அச்சடித்து விற்பவனிடம் இந்த டி-ஷர்ட்டை வாங்கினாள். புதுசென்று தெரியாமலிருக்க மூன்று தடவை துவைத்தாள். இன்று காலை கதையும் எழுதிவிட்டாள்.

'அப்பாவுடையது. புளூகிரேனில் பதினோரு வருஷம் உழைத்தார். கம்பெனி மூடிய அன்று மடித்து வைத்தவர், பிறகு தொடவேயில்லை.'

குரூப்பில் இதயங்கள் குவிந்தன. மேனேஜர் ஹரிஷ்குமார் கண்கலங்கும் எமோஜியே போட்டார்.

நிஜத்தில் அப்பாவுக்கு ஆரணியில் ஜெராக்ஸ் கடை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எழுதும்போது பிரிஜெட் மேடத்தை அவள் யோசிக்கவில்லை. ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் மேடம் அந்தக் காலத்தில் புளூகிரேனில்தான் இருந்தாராம். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அந்தக் கதைகளைச் சொல்வார். அந்த அனுபவத்துக்காகவே ஆபீஸில் அவருக்குத் தனி மரியாதை.

பத்தரைக்கு மேடம் அவள் சீட்டைத் தேடி வந்தார். தர்ஷினி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் எழுந்து போனாள்.

மதியம் செக்யூரிட்டி வந்து நின்றார். "பிரிஜெட் மேடம் கரீத்திதாரே." கூப்பிடுகிறாராம்.

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லுங்க அண்ணா."

சாப்பாடு இறங்கவில்லை. யாருக்கோ அனுப்ப வேண்டிய மெயிலை யாருக்கோ அனுப்பினாள். 'இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா? என் மானத்தை வாங்காம விடமாட்டாங்க போல.'

நாலு மணி டீக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ஹரிஷ்குமார் கையைத் தட்டினார்.

"இன்னைக்கு பெஸ்ட் கதை தர்ஷினியோடதுதான்! அட, பிரிஜெட் மேடம், நீங்களும் அங்கதானே இருந்தீங்க? இவங்கப்பா சுந்தரராமனைத் தெரியுமா?"

எல்லோரும் திரும்பினார்கள். தர்ஷினி டீ கப்பை மேஜையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சுந்தரராமன் சாரா? தெரியாம என்ன! தங்கமான மனுஷன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தர்ஷினியால் சீட்டில் உட்கார முடியவில்லை. நாள் முழுக்க அவள் மனசுக்குள் கரித்துக்கொட்டிய மனுஷியே அவளைக் காப்பாற்றிவிட்டார். இல்லாத ஒரு அப்பாவுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. ஆரணியில் இப்போதும் நின்றுகொண்டே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு?

விறுவிறுவென்று ரிசப்ஷனுக்கு நடந்தாள்.

"மேடம், நான் எழுதினது பொய். எங்கப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். இது போன ஞாயித்துக்கிழமை வாங்கின டி-ஷர்ட். இப்பவே குரூப்ல உண்மையை எழுதிடப் போறேன். ஆனா... எனக்காக நீங்க ஏன் மேடம் பொய் சொன்னீங்க?"

பிரிஜெட் மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்கப்பா அங்க வேலையே பார்க்கலையா? நிச்சயமா?"

"சத்தியமா இல்ல மேடம்."

மேடம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தாற்போல் மூச்சு விட்டார்.

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி இறங்கலைம்மா. என் பேரைச் சொல்லி உங்கப்பாகிட்ட விசாரிச்சிடுவியோன்னு உன் பின்னாடியே அலைஞ்சேன். நானும் அந்தக் கம்பெனி வாசப்படியை மிதிச்சதில்ல!"