சிவப்புக் கவுன், வெள்ளை ஷூ

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரியவர் ஜவுளிக்கடையின் மைக் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன.

"மேடம், என் பொண்ணக் காணோம். இப்பதான் கையப் பிடிச்சிட்டிருந்தேன்."

அறிவிப்புக்காரி கையிலிருந்த தள்ளுபடிச் சீட்டைக் கீழே வைத்தாள்.

விடுமுறைக்கு முந்தைய மாலை. எள் போட்டால் எள் விழாத கூட்டம். காலையிலிருந்து அவள் தொண்டை வறளக் கூவிக்கொண்டிருந்தாள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், மூன்று வாங்கினால் பை இலவசம். அந்தப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வரும் கணவன்மார்கள் எந்தக் காலத்திலும் இலவசம்தான்.

பெரியவருக்கு நாற்காலி போட்டாள். குழந்தைக்கு என்ன வயது, என்ன உடுப்பு என்று கேட்டாள். ஐந்து வயது, சிவப்புக் கவுன், வெள்ளை ஷூ என்றார். சொல்லும்போதே அவருடைய வலது கை மூடி மூடித் திறந்தது.

பெயரையும் சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

மைக்கில் குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இந்த மேசையின் சட்டம். பெயர் தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாம். ஒப்படைப்பதிலும் அதே கண்டிப்பு. வந்து நிற்பவர் ஆயிரம் சொல்லட்டும், 'இவர் யார்?' என்று குழந்தையைக் கேட்டு, அது வாயைத் திறந்து சொன்னால்தான் அனுப்புவார்கள்.

புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். வியாபாரம் சூடுபிடித்த நேரம், மைக் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அவள் காதருகே குனிந்தார். இந்த ஆள் நேற்றும் வந்தாராம். கேமராவில் பார்த்தாயிற்று, வாசலில் தனியாகத்தான் நுழைகிறார், கூடப் பிள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை. காவலாளியைக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள் என்றார்.

காதில் விழுந்ததோ என்னவோ, பெரியவர் எழுந்துவிட்டார். கண் படிக்கட்டுப் பக்கம் போனது.

அவள் மைக்கை அருகே இழுத்தாள். போன வாரம் இப்படித்தான் மாடி மாடியாகத் தேடப் போய், நகரும் படிக்கட்டில் சறுக்கி விழுந்தார். நெற்றியில் போட்ட தையல் இன்னும் பிரிக்கவில்லை.

ஒரே நிமிடம் கொடுங்கள், அப்புறம் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மைக்கை அழுத்தினாள்.

சிவப்புக் கவுன் போட்ட ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தேடுகிறோம். காலில் வெள்ளை ஷூ, இடது ஷூவில் வார் அறுந்திருக்கும். பாப்பா, உன் அப்பா இங்கே மைக் பக்கத்திலேயே இருக்கிறார். உன்னை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டார். பயப்படாமல் வா.

வார் அறுந்ததைப் பெரியவர் சொல்லியிருக்கவில்லை.

கடை அடங்கியது.

தாய்மார்கள் எடுத்த துணியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார்கள். பைகள் தரைக்கு வந்தன. கைகள் கைகளைத் தேடிப் பிடித்தன. யாரோ ஒரு அப்பா, மீசை அரும்பத் தொடங்கிய மகனின் தோளை இறுக்கி அணைத்துக்கொண்டார். அவன் கூச்சத்தில் நெளிந்தானே தவிர விலகவில்லை. நாள் முழுக்கக் கூவியும் ஒருவரையும் நிற்கவைக்க முடியாத மைக்குதான் அது.

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வீட்டுக்கு போன் போட்டார்.

பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். மூச்சு நிதானத்துக்கு வந்தது. ஆமாம், வார் அறுந்துதான் இருக்கும், தைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அவள் மைக்கை அணைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, மூடித் திறந்துகொண்டிருந்த அந்தக் கைக்குள் தன் கையை நுழைத்தாள்.

கை மூடிக்கொண்டது.

வாசல் காவலாளி பழைய ஆள்; அறிவிப்பைக் கேட்டதும் மேசைக்கு வந்திருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லாமல், சட்டப்படி அவளைத்தான் கேட்டார்.

"பாப்பா, இவரு யாரு?"

"எங்க அப்பா."

அவளுடைய ஐந்து வயதில், அன்றைக்கும் இதே கடைதான். அவள் தொலைந்தது கொஞ்ச நேரம்தான். தொங்கும் துணிகளுக்கு அடியில் தூங்கிப்போயிருந்தவளை அப்பாவேதான் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வயதான பிறகு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தார். பார்த்த வேலையை மறந்தார், மனைவியை மறந்தார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவரை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கடையில் சீரியல் லைட் போட்டுவிட்டால் போதும், எந்தப் பூட்டும் அவரை நிறுத்துவதில்லை. அவர் வரும்போது மேசையில் ஆள் இருக்க வேண்டுமே என்றுதான், கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே சேர்ந்தாள்.

அப்பா எழுந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தால், தலை நரைக்கத் தொடங்கிய யாரோ ஒரு மேடம் நிற்பாள். கையை உதறிவிட்டு மறுபடி தேடப் போய்விடுவார். நெற்றியில் தையல் போட்ட அன்று நடந்தது அதுதான்.

அதனால் அவள் அரையடி பின்னாலேயே நடந்தாள். சின்னக் கால்கள் கூட வர வேண்டுமே என்று அவர் அடிகளைக் குறுக்கி மெல்ல நடந்தார். இனிமேல் கையை விடவே கூடாது என்று வழியெல்லாம் கண்டித்துக்கொண்டே போனார். அவளும் சரிப்பா, சரிப்பா என்றாள்.

எதிரே கண்ணாடிக் கதவு வந்தது. அதில் அப்பாவின் உருவம் தெளிவாகத் தெரிந்தது.

அது விலகித் திறக்கும்வரை அவள் முழங்காலை மடக்கி, தலை குனிந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.