மேல் மண்

தோண்டிய குழியின் கிழக்குச் சுவரில் சாயங்கால வெயில் விழுந்து, மண் பட்டை பட்டையாகத் தெரிகிறது. அடியில் இருப்பது ஈராயிரம் வருஷத்து ஊர். மேலே முழ உயரத்துக்கு இருப்பது, ஏழு வருஷத்துக்கு முன் பேதி கண்டு சனங்கள் விட்டு ஓடிய ஊர். தோண்டிப் பார்க்க வெள்ளைக்காரத் துரை வந்திருப்பது அடியில் இருக்கிற ஊருக்காக. அங்கே கிடைத்த கறுப்புப் பானை ஓட்டில் யாரோ ஒருவருடைய விரல் பதிந்திருக்கிறது என்று, அதைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைக்கிறார்.

குழியை அகலமாக்க மேல் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கும் மலையம்மாளின் கை நின்றுவிடுகிறது. புகையேறிய மண் அடுப்பு ஒன்று தலைகாட்டுகிறது. அவள் கையால் பூசிய அடுப்பு. அதன் ஓரத்தில் சின்னதாக ஐந்து விரல். ஈரம் காயுமுன் கையை வைத்துவிட்டு ஓடிய மகளை அன்றைக்கு அப்படி ஏசினாள். பேதியில் முதலில் போனது அந்தப் பிள்ளைதான்.

“என்ன தாயி, நின்னுட்ட?” மேஸ்திரி சங்கிலி குழியின் கரையிலிருந்து கேட்கிறார்.

“இதுலயும் கை பதிஞ்சிருக்குண்ணே.”

அவர் எட்டிப் பார்க்கிறார். “அது நம்ம காலத்து அடுப்பு. மேல் மண்ணு எதுவும் வேணாம்னுட்டாரு தொரை. அள்ளிக் கொட்டு.”

மண்மேட்டில் எல்லோரும் தலையிலிருந்தே கூடையைச் சரிக்கிறார்கள். மலையம்மாள் மட்டும் இறக்கி வைத்து, அடுப்பை இரண்டு கையாலும் எடுத்துக் கிடத்துகிறாள். அந்தச் சின்ன விரல்களின்மேல் தன் விரல்களை வைக்கிறாள்.

பின்னால் வந்தவள் கூடையோடு நிற்கிறாள்.

“தள்ளுக்கா, கொட்டணும்.”

மலையம்மாள் தள்ளி நிற்கிறாள்.