காலடித் தொட்டி

தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் மாலை வெயில் வெள்ளைக் கிண்ணங்களின் விளிம்பில் நிற்கிறது. வரிசையில் கடைசிக் கிண்ணத்தில் மட்டும் தேநீர் இல்லை. போர்த்துக்கல் நாட்டுச் சிவப்பு வைன் இருக்கிறது. டீமேக்கர் சூசையின் மகன் றொக்சன் அங்கே திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய், லொறி கவிழ்ந்து இறந்து நாற்பது நாள். அவன் எடுத்துவைத்திருந்த போத்தலை, கூட வேலை செய்தவன் இன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தான். "வெல கொறஞ்ச வைன்தான் அங்கிள். போன வருசம் நாங்க பறிச்ச பழம். அப்பா ருசி பாத்துச் சொல்லணும்னு வச்சிருந்தான்" என்றான். சூசை கிண்ணத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து நிறம் பார்க்கிறார். கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சுகிறார், நாக்கில் உருட்டுகிறார், தேநீர் ருசி பார்க்கும் முப்பது வருடப் பழக்கத்தில் காலடித் தொட்டியில் துப்பிவிடுகிறார். "மணம் பரவாயில்ல. தொவர்ப்புத்தான் தூக்கல். அவசரத்துல பறிச்சிருக்கானுங்க" என்கிறார். சொன்ன வாய் அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் மனைவி பிலோமினா தொட்டிக்குள் காலையில் துப்பிய தேநீரின் மேல் சிவப்பு மெல்லப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜெபமாலை சுற்றிய கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, தொட்டியைக் காலால் எட்டத் தள்ளுகிறாள். அவர் இன்னொரு கரண்டி அள்ளி வாயில் வைக்கிறார். கன்னம் உப்பியபடி இருக்கிறது, கண் கலங்குகிறது. "முழுங்குங்க," என்கிறாள் பிலோமினா. "நம்ம புள்ள பறிச்சதுங்க."