பச்சியப்பன் கட்டிய பொட்டலம்

"ஊசியை எடுத்துக்கிட்டுக் கிட்ட வந்தீங்கன்னா, எம் மருமவளை இப்பவே தூக்கிக்கிட்டுப் போயிருவேன் நர்சம்மா!"

தீர்த்தம்மாள் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

கட்டிலில் சாலம்மாள். எட்டு மாத வயிறு. கண் இரண்டும் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' என்றாள். அடுத்த நொடியே கண் செருகிக்கொண்டது.

ராஜமேரி தர்மபுரி பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு நர்ஸாக வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆனால் படித்தது மறக்கவில்லை. கர்ப்பிணிக்குக் காமாலை முற்றினால் ரத்தம் உறையாது. நினைவு தப்பினால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

"எத்தனை நாளா மஞ்சளா இருக்கு?"

"நேத்துலேருந்துதானுங்க."

"ஏதாவது உளறினாளா?"

"அதெல்லாம் இல்லீங்க. வெறும் அசதி."

பக்கத்தில் நின்ற மகன் மாது தலையைக் குனிந்துகொண்டான்.

"நகருங்கம்மா. இந்த ஊசி போட்டாத்தான் ரத்தப்போக்கு வராம தடுக்கலாம்."

"ஊசி போட்டாக் காமாலை தலைக்கேறிடுமுங்க. எங்க ஊரு சென்னம்மாளுக்கும் இப்பிடித்தான் போட்டாங்க. வவுத்துப் புள்ளையோட போய்ச் சேந்தா."

"பின்னே எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

தீர்த்தம்மாள் மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்தாள். மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. நூலின் இரண்டு நுனியிலும் வரிசையாக முடிச்சுகள். நடுவில் ஒரு கறுப்பு நூல்.

"கம்பைநல்லூர்க் காமாலைக்காரரு பச்சியப்பன் கட்டிக் குடுத்த மருந்துங்க. பொழுது சாயறதுக்குள்ள இங்கத்த டாக்டரம்மா கையாலதான் பிரிக்கணுமாம். தவறிப்போனா வெசமாயிடுமாம். தக்காளி லாரியை மறிச்சு ஏறி ஓடியாந்தோம். டாக்டரம்மா பிரிச்ச பொறவு ஊசி போட்டுக்கலாமாம்."

ராஜமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை கெட்டிக்காரத்தனம்! பிழைத்தால் அவர் மருந்து, செத்தால் நம் ஊசி.

"டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க. அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா."

"தாங்குவா. பிரிக்காம ஊசி குத்தக்கூடாது."

ராஜமேரி வெடுக்கென்று பொட்டலத்தைப் பிடுங்கினாள். ஜன்னல் பக்கம் கையை ஓங்கினாள்.

"எறிங்க பாக்கலாம்! மாது, தூக்குடா அவளை. வூட்டுக்குப் போலாம்!"

மாது நிஜமாகவே குனிந்து மனைவியின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்துவிட்டான். சாலம்மாளின் தலை துவண்டு பின்னால் சாய்ந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. ராஜமேரி பொட்டலத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள்.

அப்போதுதான் கடைசித் தையலை முடித்துவிட்டு டாக்டரம்மா கதவைத் திறந்தார். "என்னம்மா அவசரம்?"

"கர்ப்பிணி, மேடம். காமாலை. யாரோ பச்சியப்பனாம், இதைப் பிரிக்காம ஊசி போட விட மாட்டேங்கறாங்க."

திட்டு விழும் என்று நினைத்தாள். டாக்டரம்மாவோ கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கினார். செபமாலை உருட்டுவதுபோல முடிச்சுகளை விரலால் தள்ளிக்கொண்டே வார்டுக்கு விரைந்தார்.

"ஆறு நாளா மஞ்சள். உளறலும் இருந்திருக்கு. நிஜமா இல்லையா?" என்றார் தீர்த்தம்மாளிடம்.

"ஆமாங்க... திட்டுவீங்கன்னுதான் மறைச்சேன்."

டாக்டரம்மா நூலை அறுத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளேயிருந்த பொடியை ஒரு சிட்டிகை எடுத்துச் சாலம்மாளின் நெற்றியில் பூசினார்.

ராஜமேரி அந்தப் பொடியையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை படித்தவருமா?

"மருந்து வெச்சாச்சு. நகருங்கம்மா. ராஜமேரி, ஊசியைப் போடு. குளுக்கோஸ் ஏத்து. தம்பி, நீ ரத்தம் குடுக்கணும், வா."

தீர்த்தம்மாள் கட்டிலை விட்டு விலகினாள்.

அன்று சாயங்காலமே பிரசவ வலி கண்டது. பிறந்த பெண் குழந்தை ஓர் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. பூனைக்குட்டிபோல் அழுதது. சாலம்மாளுக்கு ரத்தம் நிற்க நாலு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில், "எம் புள்ள எங்க?" என்றாள்.

"பாத்தீங்களா நர்சம்மா! காமாலைக்காரரு மருந்து!" என்று தீர்த்தம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ராஜமேரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், ராத்திரி பகலா பாடுபட்டது நீங்க. பேரு அந்த ஆளுக்கு. நீங்களும் அவரை நம்பறீங்களா?"

டாக்டரம்மா மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே கொத்தாக மஞ்சள் நூல்கள்.

"ஒரு நுனியில எட்டு முடிச்சு, எட்டாம் மாசம். இன்னொண்ணுல ஆறு, ஆறு நாள் காமாலை. கறுப்பு நூல் சுத்தினா நினைவு தப்பி உளறுதுன்னு அர்த்தம். அவருக்கு எழுதத் தெரியாது, ராஜமேரி."

"அப்போ... அந்த மருந்து?"

"கேழ்வரகு மாவு. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னா இவங்க வர மாட்டாங்க. மருந்து கெட்டுப்போயிடும்னு சொன்னா லாரியை மறிச்சாவது வருவாங்க."

ஜன்னல் பக்கம் ஓங்கிய கையை ராஜமேரி தன்னையறியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஏன் மேடம் இந்த வேலை? மருந்தையே குடுத்திருக்கலாமே?"

டாக்டரம்மா டிராயரை மெல்ல மூடினார்.

"கர்ப்பிணிகளுக்கு மருந்து குடுக்கறதை நிறுத்தி ஏழு வருஷமாச்சு. கடைசியா அவர் மருந்தைக் குடிச்ச கர்ப்பிணி, அவரோட மகள்."