கட்டைவிரல் எலி

மினிவேன் மறுபடியும் திரும்பி வந்ததைப் பார்த்ததும் மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். போன வாரம்தான் சரிசெய்து அனுப்பியிருந்தார். இப்போது இன்ஜின் விளக்கு எரிந்தது. நின்ற இடத்திலேயே வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல் வெடவெடத்தது. இந்தத் தடவை புருஷனோடு மனைவியும் வந்திருந்தாள்.

"இன்னிக்கும் சரியாகலேன்னா எதிர்க்கடைக்குத்தான் போவேன். தெரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள், ஏனோ கிசுகிசுப்பாக.

"இன்ஜினை மட்டும் அணைச்சிடாதீங்கண்ணே" என்றான் புருஷன், அதைவிடக் கிசுகிசுப்பாக.

ஸ்கேனர் பழைய பல்லவியையே பாடியது. மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. பானெட்டைத் தூக்கினால், அதற்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயர் கழன்று தொங்குகிறது.

"எலியா இருக்கும்" என்றான் புருஷன் அவசரமாக.

"எலின்னா கடிச்சிருக்கும் தம்பி. இது லாக்கை அமுக்கிக் கழட்டியிருக்கு. கட்டைவிரல் வச்ச எலி!"

மனைவி புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"நீங்களா? புத்தி கித்தி பேதலிச்சுப்போச்சா?"

மெக்கானிக்குக்குக் கடையின் மானம் தப்பிய குஷி. வாயெல்லாம் பல்லாக, ஓடுகிற இன்ஜினிலேயே ஒயரைச் செருகினார். டக்! நடுக்கம் சட்டென்று நின்றது. வண்டி வெண்ணெய்போல் ஓடியது.

பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. கூடவே இன்னொன்று.

"வண்டி ஆடினாத்தாண்டி ரெண்டும் தூங்குதுங்க" என்றான் புருஷன் பரிதாபமாக.

இரட்டையர் கடையே அதிர அலறினார்கள். மனைவி பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள்.

"அண்ணே, எந்த ஒயர்? எனக்கும் காட்டிக் குடுங்க."