ரெண்டாம் கியர் ஊளை

"ஏலே மாரிச்சாமி, வந்துட்டாருலே நம்ம எஞ்சின் டாக்டரு!"

மடவார் வளாகம் போகிற ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிற சங்கிலிப்பாண்டிக்கு, டீசல் கேனும் கையுமாக வருகிற பொன்னுராஜைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பின்னே? மனுசன் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். வாங்கவும் மாட்டார், வேண்டாமென்று சொல்லித் தொலையவும் மாட்டார். சங்கிலிப்பாண்டிக்கோ அந்தப் பச்சைப் பிக்கப்பை எவன் தலையிலாவது கட்டினால் போதும் என்றிருந்தது.

"அண்ணாச்சி, பேசாம வெள்ளை வண்டியை எடுத்துக்கிடுங்க. ஜப்பான்காரன் எஞ்சின், அஞ்சு கியர். மதுரைக்குப் போயிட்டு வந்தாலும் வயித்துத் தண்ணி அலுங்காது."

"பச்சைக்கு நாலு கியர்தானோ?"

"நாலுதான். எஞ்சினும் பழைய காலத்து டீசல். வேகம் கெடையாது. ஆனா இழுவைன்னா இழுவை! தேவதானம் தோப்புல அம்புட்டு மாங்காயையும் ஏத்துனாலும் முக்காம வெளிய வரும். ஒங்களுக்கு வேகமா, இழுவையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பொன்னுராஜ் வெள்ளை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி செத்த நேரம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பொறவு வழக்கம்போலப் பச்சையிடம் போய் நின்றுகொண்டார்.

"இதையும் ஒரு ரவுண்டு விட்டுப் பாத்துருவமே தம்பி. சர்ச் சந்து மேட்டுல, ரெண்டாம் கியர்லயே."

"ரெண்டாம் கியர்தான் ஊருக்கே கேக்குற மாதிரி ஊளையிடுதே! நேத்தும் கேட்டீகளே!"

"ஆமா, அந்த ஊளைதான்..." என்று இழுத்தார். கொண்டுவந்த டீசலைத் தன் கையாலேயே டேங்கில் ஊற்றினார்.

மெக்கானிக் மாரிச்சாமி அவரை ஏற்றிக்கொண்டு போய் வந்தான். "நாளைக்கு வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

"பாத்தியாலே! இந்தாளு வாங்குற மூஞ்சியா?"

"இல்லண்ணே, வாங்காதவரு எதுக்குச் சொந்தக் காசுல டீசல் ஊத்தப் போறாரு? பச்சை மேல ஆசைதான். ஊளைதான் இடிக்கி. எப்பவும் போல மரத்தூளைப் போட்டு அமுக்கிருவமா?"

கியர் பெட்டி ஆயிலில் மரத்தூளைக் கலந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஊளையும் கொஞ்ச நாளைக்கு அடங்கிக் கிடக்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். சங்கிலிப்பாண்டிக்கு அது கைவந்த கலை. ஒருநாளும் மனசு உறுத்தியதில்லை.

அன்றைக்கென்னவோ உறுத்தியது.

"வேண்டாம்லே. வயசான மனுசன், வெயில்ல அலையுதாரு. இவருக்காவது நேர்மையா செஞ்சு குடுப்போம். பெட்டியவே மாத்திரு."

அடேங்கப்பா! சங்கிலிப்பாண்டி வாயிலிருந்தா இந்த வார்த்தை! மாரிச்சாமி மேலும் கீழும் பார்த்தான்.

சாயங்காலமே ராஜபாளையத்திலிருந்து நல்ல கியர் பெட்டி வந்து ஏறியது. கழற்றிய பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சம்மட்டி அடியில் துண்டு துண்டானது.

மறுநாள் சங்கிலிப்பாண்டியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். பக்கத்தில் பொன்னுராஜ். சர்ச் சந்து மேட்டில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது.

"ரெண்டாம் கியர்தான் அண்ணாச்சி! கேளுங்க, நல்லாக் கேளுங்க!"

பொன்னுராஜ் முகம் வெளிறிப் போனது.

"அந்தச் சத்தம் எங்க தம்பி?"

"ஒழிச்சுக் கட்டிட்டம்ல! பெட்டியவே மாத்தியாச்சு."

"பழைய பெட்டி?"

"அது சுக்குநூறாப் போச்சு. இனிமே அதத் தேடுனாலும் கெடைக்காது."

"ஐயோ பாவி... நிப்பாட்டு."

இறங்கினார். டயர் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

சங்கிலிப்பாண்டிக்கு வந்ததே கோபம். "என்னய்யா இது? ஒருத்தனுக்கும் செய்யாத நல்லத ஒமக்குச் செஞ்சா, நான் பாவியா? வாங்க வக்கில்லன்னா அதச் சொல்லும்!"

எதிரே இருந்த பொன்னுராஜ் வீட்டுக் கதவு திறந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் மருமகள் தங்கபாய் வெளியே வந்தாள்.

"என்ன மாமா, இன்னிக்கு வண்டிச் சத்தமே கேக்கல? அத்தை படுத்த படுக்கையில கெடந்து, 'எம்மவன் வண்டி வரட்டும், அவன் வந்த பொறவு குடிக்கேன்'னு வாயவே தொறக்க மாட்டேங்காக."

சங்கிலிப்பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதுக்கா இப்பிடி ஒக்காந்துட்டீக? ஒங்க மகனக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான? எங்க அவரு?"

தங்கபாய் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொன்னுராஜ் எழுந்து, பச்சை வண்டியின் கதவைத் தடவிக் கொடுத்தார்.

"இது அவன் ஓட்டுன வண்டிதான் தம்பி. வைத்தியத்துக்காக இதையும் வித்தோம், அப்படியும் பொழைக்கல. அவன் ஆத்தாளுக்கு அதுலயே புத்தி தப்பிருச்சு. ஒரு வாய் கஞ்சிக்கு அவகூட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தோம். ஒன் கடைக்கு இந்த வண்டி வந்து, அந்த ஊளை இந்தச் சந்துல கேட்ட அன்னிக்குத்தான், 'எம்மவன் தொரை வந்துட்டான், அவனுக்கும் போடுங்க'ன்னு அவளாவே எந்திரிச்சுக் குடிச்சா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு அவன் செத்து வருசமாச்சு. அவளுக்கு நேத்து மத்தியானம் வரைக்கும் உசுரோடதான் இருந்தான்."